கம்ப்யூட்டரில் நீலத் திரை வந்தால்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், குழுக் கணக்கு எழுதும் சகோதரிகளுக்காகப் பேசியது)



சேமிப்பு, கடன், தொழில் என்று பேசும் மேடையில் கம்ப்யூட்டர் பழுதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம்ம குழுக்களோட சந்தா, உள் கடன், தவணை, வட்டி எல்லாம் இப்போ அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. வேலை பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அது நின்னு, திரை முழுக்க நீலமாகி, ஒரு சோக முகத்தைக் காட்டினா, கணக்கு எழுதுற பொண்ணுக்கு வயித்தைக் கலக்கும். அந்தப் பதற்றத்துல எடுக்கிற முடிவாலதான் பல இடத்துல கணக்கு போகுது. நீலத் திரையால போறது குறைவு.

முதல்ல அது என்னன்னு சொல்லிடறேன். வீட்டுல மின்சாரம் தாறுமாறா வந்தா ட்ரிப்பர் விழுந்து லைன் கட் ஆகுது இல்லையா? வீடு இருட்டாகுது, ஆனா ஃபிரிட்ஜும் டிவியும் பிழைக்குது. நீலத் திரையும் அப்படித்தான். விண்டோஸோட அடிமட்டத்துல சரி பண்ண முடியாத ஒரு தப்பு நடந்துட்டா, அதுக்கு மேல ஓடினா டிஸ்க்ல இருக்கிற விவரமும் கெட்டுப்போகும்னு தானே நிறுத்திக்கிது. நிறுத்தும்போது காரணத்தையும் ஒரு வரியில எழுதிட்டுப் போகுது. பாதி பேர் அதைப் படிக்கிறதே இல்லை. பயந்து சுவிட்சை அணைச்சிடறோம்.

புது மெஷின்கள்ல இது நீலமாவே வராது. 2025-ல் விண்டோஸ் 11-க்கு வந்த மாற்றத்துக்குப் பிறகு கறுப்புத் திரையா வருது, சோக முகமும் போயிடுச்சு. நிறம் மாறினாலும் விஷயம் அதேதான்.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? ஆடி மாசத்து முதல் வெள்ளிக்கிழமை. நாமெல்லாம் கோயிலுக்குப் போயிட்டு வந்த நேரம், காலை 9 மணி 39 நிமிஷத்துக்கு, அமெரிக்காவுல கிரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு கம்பெனி தன்னோட பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்ன அப்டேட் அனுப்பிச்சுது. பெரிய கம்பெனிகள், விமான நிறுவனங்கள், ஆஸ்பத்திரிகள் வைரஸ் வராம இருக்கப் போட்டுக்கிற மென்பொருள் அது. அந்த அப்டேட் போய்ச் சேர்ந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி விழுந்துச்சு. மறுபடி போட்டா மறுபடி நீலம். 78 நிமிஷத்துல அப்டேட்டைத் திரும்ப எடுத்துட்டாங்க, ஆனா அதுக்குள்ள சுமார் 85 லட்சம் மெஷின்கள் விழுந்துட்டதா மைக்ரோசாஃப்ட் கணக்கு சொல்லுச்சு. நம்ம சென்னை விமான நிலையத்துலயும் வரிசை நீண்டு, போர்டிங் பாஸைப் பேனாவால எழுதிக் கொடுத்தாங்க. இண்டிகோ கம்பெனி மட்டும் ஏறக்குறைய 200 விமானங்களை ரத்து செஞ்சுது. நம்ம நாட்டுல 10 வங்கி, நிதி நிறுவனங்களுக்கு மட்டும் சின்னத் தடங்கல்னு ரிசர்வ் வங்கி அறிவிச்சுது.

காரணம் என்ன தெரியுமா? பிறகு அந்தக் கம்பெனியே விளக்கம் கொடுத்துச்சு. கணக்கு எழுதுற நமக்கு இது நல்லாவே புரியும். பதிவேட்டுல 20 கட்டம்தான் நிரப்பியிருக்கு. புது உத்தரவு, 21-வது கட்டத்தைப் படின்னு சொல்லுது. நாமளா இருந்தா, "என்னக்கா, இங்க கட்டமே இல்லையே"ன்னு கேட்போம். கம்ப்யூட்டருக்குக் கேட்கத் தெரியாது. இல்லாத இடத்துல போய்ப் படிக்கப் பார்த்துச்சு, விண்டோஸ் எல்லாத்தையும் நிறுத்திடுச்சு.

நான் இந்தக் கதையை எடுத்ததே அதோட வைத்தியத்துக்காகத்தான். சேஃப் மோடுங்கிற பாதுகாப்பு நிலையில மெஷினைத் திறந்து, 291 என்ற எண் கொண்ட அந்த ஒரு ஃபைலை அழிச்சா போதும், மறுபடி ஓடும். ஒரே ஒரு ஃபைல்! ஃபார்மட் தேவைப்படல, உள்ளே இருந்த கணக்கும் அழியல. பல இடங்கள்ல ஒவ்வொரு மெஷின் முன்னாலயும் ஓர் ஆள் உட்கார்ந்து கையால செய்ய வேண்டியிருந்ததாலதான் நாள்கணக்கா இழுத்துச்சு.

இப்போ நம்ம ஊர்க் கதைக்கு வர்றேன். போன வருஷம் மார்ச், கணக்கு முடிக்கிற வாரம். வங்கி இணைப்புக் கடனுக்காக மூணு குழுக்களோட அறிக்கையை அந்த வாரமே கொடுக்கணும். கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டர் ஒரே நாள்ல மூணு தடவை நீலமாச்சு. சர்வீஸ் கடைக்குத் தூக்கிட்டுப் போனோம். அந்தத் தம்பி திரையைக்கூடப் பார்க்கல. "விண்டோஸ் போயிடுச்சுக்கா, ஃபார்மட் அடிச்சுடலாம், சாயங்காலம் வாங்க"ன்னு சொன்னார். உள்ளே இருக்கிற கணக்குன்னு கேட்டா, "அதெல்லாம் போயிடும், பேக்கப் இருக்கும்ல?" மூணு வருஷக் கணக்கை ஒரு சாயங்காலத்துல துடைக்கிற பேச்சு! பொம்பளைங்க கேள்வி கேட்க மாட்டாங்கன்னு ஒரு நினைப்பு. வேணாம் தம்பின்னு திரும்ப எடுத்துட்டு வந்தோம்.

நீலத் திரையை நான் செல்போன்ல படம் எடுத்து வெச்சிருந்தேன். அதுல கீழே 'ஸ்டாப் கோடு: மெமரி மேனேஜ்மென்ட்'னு இருந்துச்சு. மெமரின்னா ரேம். அடுத்ததா, சமீபத்துல என்ன மாறுச்சுன்னு யோசிச்சோம். மெஷின் வேகமா ஓடணும்னு ரெண்டு வாரம் முன்னாலதான் புதுசா ஒரு ரேம் போட்டுக் கொடுத்திருந்தாங்க. ஸ்டார்ட் பட்டன்ல 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்'னு தேடி, சோதனையை ஓட விட்டோம். வன்பொருள்ல கோளாறுன்னு வந்துச்சு. மின்சாரத்தைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, அந்தப் புது ரேமைக் கழட்டினோம். அதோட நீலம் போச்சு. அறிக்கையும் நேரத்துக்குப் போச்சு. பில் கையில இருந்ததால கடையில வேற ரேம் மாத்திக் கொடுத்தாங்க. செலவு ஒண்ணுமில்லை.

சமீபத்துல என்ன மாறுச்சுங்கிற அந்தக் கேள்விதான் பாதி வைத்தியம். புது பிரிண்டரா, புது வைரஸ் தடுப்பா, நேத்து ராத்திரி வந்த அப்டேட்டா, வெளியாள் பென் டிரைவா? 1998-ல் சிகாகோ கண்காட்சியில பில் கேட்ஸ் பக்கத்துல நிக்கும்போதே, ஒரு ஸ்கேனரைச் சொருகினதும் விண்டோஸ் 98 நீலமாச்சு. மைக்ரோசாஃப்ட் முதலாளிக்கே வந்தது நமக்கு வந்தா கூச்சப்பட ஒண்ணுமில்லை.

நீலம் வந்தா படம் எடுங்க. ஸ்டாப் கோடு, அதுக்குப் பக்கத்துல 'வாட் ஃபெயில்டு'ன்னு ஒரு ஃபைல் பேர் இருந்தா அதுவும் தெளிவா விழணும். மெஷின் தானா மறுபடி ஓடி, நீலம் திரும்ப வரலேன்னா, உடனே பென் டிரைவ்ல கணக்கைக் காப்பி எடுத்துட்டுத்தான் மத்த வேலை. திரும்பத் திரும்ப வந்தா புதுசாச் சொருகினதைக் கழட்டிப் பாருங்க. கடலோர ஊர் நமக்கு, உப்புக் காத்துல ரேமோட செப்புப் பல் கறுத்துப் போறதும் உண்டு; மின்சாரத்தை எடுத்துட்டு, பென்சில் ரப்பரால மெதுவாத் துடைச்சு மாட்டினாலே சில மெஷின் சரியாகும்.

உள்ளேயே போக முடியலேன்னா, பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைங்க. மறுபடி போட்டு, விண்டோஸ் சின்னம் வந்ததும் மறுபடி அணைங்க. இப்படி ரெண்டு மூணு தடவை செஞ்சா பழுது பார்க்கிற திரை தானா வரும். அதுல டிரபிள்ஷூட், அப்புறம் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அப்டேட் வந்த பிறகு கெட்டுதுன்னா அங்கேயே 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கு. இல்லேன்னா ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4-ஆம் எண்ணை அழுத்தினா சேஃப் மோடு. அவசியமானதை மட்டும் வெச்சு ஓடுற நிலை அது. அங்கே ஒழுங்கா ஓடினா, பழி பெரும்பாலும் பின்னால போட்ட ஏதோ ஒரு மென்பொருள் மேல. கடைசியாப் போட்டதை நீக்கிப் பாருங்க. கணக்கையும் அங்கேயே காப்பி எடுத்துடலாம்.

எதுவுமே நடக்கலேன்னா கடைக்குத்தான் போகணும். அப்பவும் ஒரே வார்த்தை: "முதல்ல டிஸ்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டி எங்க கணக்கைக் காப்பி எடுத்துக் கொடுங்க, அப்புறம் ஃபார்மட்." எழுதி வாங்கிட்டே கொடுங்க. புது லேப்டாப் வெச்சிருக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும். பல மெஷின்கள்ல டிஸ்க் தானாவே பூட்டப்பட்டிருக்கும், பிட்லாக்கர்னு பேர். அதைத் திறக்க 48 இலக்கச் சாவி எண் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்குல அந்த எண் இருக்கான்னு இன்னைக்கே பார்த்து, தாள்ல எழுதி, பீரோவுல தீர்மானப் புத்தகத்தோட வெச்சிடுங்க. ஜூலை 19 அன்னைக்கு இந்தச் சாவி கையில இல்லாம திண்டாடின பெரிய கம்பெனிக்காரங்களும் உண்டு.

ஏமாத்து வேலையும் இருக்கு. இணையம் பார்க்கும்போது நீலத் திரை மாதிரியே ஒரு பக்கம் வந்து, சத்தம் போட்டு, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு சொல்லும். உண்மையான நீலத் திரையில போன் நம்பர் வராது. வந்தா அது பொய். கூப்பிட்டா மெஷினை அவங்க கையில வாங்கி, வங்கிக் கணக்குவரைக்கும் போயிடுவாங்க. பணம் போயிட்டா தாமதிக்காம 1930-க்கு அடிங்க.

கடைசியா வயசான அக்காங்களுக்கு. கம்ப்யூட்டர் வந்துடுச்சு, கூட்டத்துல எழுதுற நோட்டு எதுக்குன்னு போன மாசம் ஒரு குழுவுல கேட்டாங்க. விமானக் கம்பெனிகளே அன்னைக்குப் பேனாவைத்தான் தேடிச்சு. உறுப்பினர் பாஸ்புக்கும் வாராந்திரப் பதிவேடும் கையெழுத்தோட தொடரட்டும். மாசம் பொறந்ததும் கணக்கை ரெண்டு பென் டிரைவ்ல எடுத்து, ஒண்ணு அலுவலகத்துலயும் ஒண்ணு பொருளாளர் அக்கா வீட்டுலயும் இருக்கட்டும்னு செயற்குழுவுல ஏற்கெனவே தீர்மானம் போட்டாச்சு.

பக்கத்து அறையில நம்ம பழைய கம்ப்யூட்டரைப் போட்டு வெச்சிருக்கேன். சாப்பாடு முடிஞ்சதும் குழுவுக்கு ஒருத்தரா வாங்க. சேஃப் மோடுக்குப் போறதை ஒவ்வொருத்தரும் உங்க கையாலயே ஒரு தடவை செஞ்சு பார்த்துடலாம். படம் எடுக்க செல்போனைக் கொண்டு வாங்க.