ஓட்டு நம் கையில். சாவி யார் கையில்?

(கீழ்பென்னாத்தூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வேட்டவலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து களத்து வேலையை முடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பகல் ஷிப்டு முடிந்து ஆலை வாசலிலிருந்து நேரே வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகையால் நேரே விஷயத்துக்கு வருவோம்.

இன்று டீக்கடையில் ஒரே பேச்சாக இருக்கிறது. "கோர்ட்டும் அவர்கள் பக்கம், தேர்தல் கமிஷனும் அவர்கள் பக்கம். நாம் ஓட்டுப் போட்டு என்ன ஆகப் போகிறது?" என்கிறார்கள். கேட்கிறவர் மீது நமக்குக் கோபமில்லை. ஆனால் "ஒன்றும் ஆகாது" என்று நாமே பதில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டால் யாருக்கு லாபம்? ஓட்டுப் பெட்டியைக் கண்டு நடுங்குகிறவர்களுக்குத்தான் லாபம்.

ஜனநாயகத்தை அழிக்க ஓட்டுப் பெட்டியை உடைக்க வேண்டியதில்லை, தோழர்களே. நியமனம், தேதி, பணம், பட்டியல் என்று நான்கு கதவுகள் இருக்கின்றன. நான்கையும் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே சாத்திவிட முடியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கதவு: நியமனம்

1952-ம் ஆண்டு. நமது ஊர் அன்று வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று நடந்த முதல் பொதுத் தேர்தல் அது. சென்னை ராஜ்ய சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றது 152 மட்டுமே. கம்யூனிஸ்டுக் கட்சி 62 இடங்களில் ஜெயித்தது. தோழர் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரையில் ஜெயித்தார். எதிர்க்கட்சிகள் டி. பிரகாசம் தலைமையில் ஒன்றுசேர்ந்து மந்திரிசபை அமைக்க உரிமை கேட்டன.

கவர்னர் ஸ்ரீபிரகாசா என்ன செய்தார்? தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேல்சபையின் நியமன இடத்தில் அமர்த்தி முதல் மந்திரியாக்கினார். இலக்கியம், விஞ்ஞானம், சமூக சேவை ஆகியவற்றில் சிறந்தவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் அது! நமது வட ஆற்காட்டில் செல்வாக்குப் பெற்றிருந்த காமன்வீல் கட்சி, காங்கிரசை எதிர்த்து நின்று 6 இடங்கள் பெற்றிருந்தது. அது ராஜாஜிக்கு ஆதரவு கொடுத்தது; அதன் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். இங்கே எதிர்த்துப் போட்ட ஓட்டு, கோட்டைக்குப் போனதும் ஆதரவு ஓட்டாயிற்று. நியமனத்தை எதிர்த்து ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போனார். வழக்கு தள்ளுபடியாயிற்று.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதியாக இருந்த ரஞ்சன் கோகோய் 2019 நவம்பரில் ஓய்வு பெற்றார். 2020 மார்ச்சில் ராஜ்யசபைக்கு நியமனமானார். நீதிபதி அப்துல் நசீர் 2023 ஜனவரியில் ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே ஆந்திரத்துக்குக் கவர்னராக நியமனமானார். அவர்கள் சொன்ன தீர்ப்புகளைப் பற்றி இங்கே வழக்காட வரவில்லை. நாளைக்கு நாற்காலி கொடுக்கும் அதிகாரம் உள்ள சர்க்கார்தான் இன்றைக்கு வழக்கில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ நிற்கிறது. ஏழை ஜனங்களுக்கு நம்பிக்கை எப்படி வரும்?

தேர்தல் கமிஷன் விஷயமும் இதுவே. தேர்தல் கமிஷனர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் இருக்க வேண்டும். பார்லிமெண்ட் சட்டம் செய்யும் வரை இதுவே முறை என்று 2023 மார்ச் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட் கூறிற்று. அந்த டிசம்பரிலேயே மோடி சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது. தலைமை நீதிபதியை நீக்கிவிட்டு, பிரதமர் பெயர் சொல்லும் ஒரு மந்திரியை உட்கார வைத்தது. மூவரில் இருவர் ஒரே பக்கம். பந்தயத்தில் ஓடுகிறவரே நடுவரையும் பொறுக்கி எடுக்கிறார்!

இரண்டாம் கதவு: தேதி

டில்லியை விடுங்கள். நாம் கூடியிருக்கும் கீழ்பென்னாத்தூர் பேரூராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் தேர்ந்தெடுத்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று வழக்கு வந்தது. 2016 அக்டோபர் 4-ந் தேதி ஹைகோர்ட் தேர்தல் அறிவிப்பை ரத்துச் செய்து, டிசம்பருக்குள் தேர்தலை முடிக்கச் சொன்னது. கிராம ஊராட்சிகளுக்கு அந்த டிசம்பர் வந்து சேர்ந்தது 2019-ல். பேரூராட்சிக்கோ 2022 பிப்ரவரி 19 வரை வரவில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் மெம்பர் இல்லை, தலைவர் இல்லை.

2019-ல் தேர்ந்தெடுத்த கிராம ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ந் தேதி முடிந்தது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு. நடந்ததா? இல்லை. நமது திருவண்ணாமலை மாவட்டத்தின் 860 ஊராட்சிகளிலும் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். 2016-ல் இருந்தது அண்ணா தி.மு.க. சர்க்கார், 2025-ல் இருந்தது தி.மு.க. சர்க்கார். கொடி மாறியது, பூட்டு மாறவில்லை.

இதில் நஷ்டப்பட்டது யார்? பணக்காரருக்குக் கலெக்டர் ஆபீசுக்குப் போக வழி தெரியும். காலனியில் குழாய் உடைந்தால் நம் பெண்கள் வார்டு மெம்பர் வீட்டுத் திண்ணையில் போய்க் கேட்பார்கள். பல ஊராட்சிகளுக்கு ஒரே தனி அலுவலர் என்றால் அவரை எந்தத் திண்ணையில் பிடிப்பது? உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் தனி இடங்கள் உண்டு. நாற்று நடுகிற பெண் நாற்காலியில் உட்காரும் இடம் அது ஒன்றுதான். தேதியைத் தள்ளிப்போடுகிறவர் அவளைத்தான் எழுப்பி அனுப்புகிறார்.

மூன்றாம் கதவு: பணம்

2018-ல் மோடி சர்க்கார் தேர்தல் பத்திரம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பெருமுதலாளிகள் ஸ்டேட் பாங்கில் பத்திரம் வாங்கி வேண்டிய கட்சிக்குக் கொடுக்கலாம். யார் கொடுத்தார் என்பது ஜனங்களுக்குத் தெரியாது. மொத்தம் சுமார் 16,500 கோடி ரூபாய்க்குப் பத்திரம் விற்றது. எல்லாக் கட்சிகளையும்விட அதிகம் வாங்கியது பா.ஜ.க.; காங்கிரசும் மாநிலக் கட்சிகளும் வாங்கின. மார்க்சிஸ்ட் கட்சி வாங்க மறுத்ததோடு கோர்ட்டுக்கும் போனது.

2024 பிப்ரவரி 15-ந் தேதி ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் திட்டத்தை ரத்துச் செய்தனர். கணக்கைக் கொடுக்க ஜூன் 30 வரை தவணை கேட்டது பாங்கு. அதற்குள் தேர்தல் முடிந்துவிடும் அல்லவா? தவணை கிடையாது, மறுநாளே கொடு என்று மார்ச் 11-ந் தேதி கோர்ட் உத்தரவிட்டது. கணக்கு வெளியே வந்தது. வெற்றிதான். ஆனால் இந்தத் தீர்ப்பு வர ஆறு ஆண்டுகள் ஆயின. நடுவில் 2019 பொதுத் தேர்தல் அந்தப் பணத்தோடு நடந்து முடிந்துவிட்டது.

நான்காம் கதவு: பட்டியல்

2025-ல் பீகாரில் வாக்காளர் பட்டியல் திருத்தம் என்றார்கள். ஆகஸ்டு 1-ந் தேதி வந்த வரைவில் 65 லட்சம் பேர் இல்லை. நீக்கிய பெயர்களைக் காரணத்தோடு வெளியிடு என்று 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் டிசம்பர் 19-ந் தேதி வந்த வரைவில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. செத்தவர் பெயரை நீக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் 66 லட்சம் பேர் குடிபெயர்ந்தவர் கணக்கு. யார் குடிபெயர்கிறார்? செங்கல் சூளைக்கும் பெங்களூர் கட்டட வேலைக்கும் போகிறவர்கள்தானே! வயிற்றுக்காக ஊரை விட்டுப் போனவர் ஓட்டையும் விட்டுவிட வேண்டுமா?

கோர்ட்டை என்ன சொல்வது?

அப்படியானால் கோர்ட் நமக்கு நண்பனா, எதிரியா? அதைத் தெய்வமாகக் கும்பிடவும் வேண்டாம்; குட்டிச்சுவர் என்று ஒதுக்கவும் வேண்டாம். அவசர நிலைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். விசாரணையின்றிச் சிறையில் போடப்பட்டவன் கோர்ட்டில் விடுதலை கேட்க முடியாது என்று 1976 ஏப்ரல் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். எதிர்த்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவரே. அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதிப் பதவி 1977-ல் வராமல் போயிற்று. ஆனால் அதே 1977 மார்ச்சில் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அந்த ஆட்சியை இறக்கினார்கள். அந்தத் தீர்ப்பு தவறென்று கோர்ட் சொன்னது 2017-ல். ஜனங்கள் 11 மாதத்தில் செய்த திருத்தத்தைச் செய்ய கோர்ட்டுக்கு 41 ஆண்டு பிடித்தது!

"ஓட்டுப் போட்டு என்ன?" என்பவருக்கு இதுதான் பதில். அடைத்த கதவுகளைத் திறக்கும் பலம் ஒன்றுசேர்ந்த ஜனங்களிடமே இருக்கிறது. வழக்கு அதற்கு ஒரு நெம்புகோல். அதைப் பிடித்து அழுத்தும் கைகள் நம்முடையவை.

ஆகவே, தோழர்களே, இந்தக் கூட்டத்திலிருந்து மூன்று வேலைகளோடு போவோம்.

முதலாவது, வாக்காளர் பட்டியலைத் தெருத்தெருவாக உரக்கப் படிப்போம். சூளைக்கும் பெங்களூருக்கும் போனவரின் குடும்பத்தை முதலில் விசாரிப்போம். பெயர் விட்டுப்போனவருக்கு 6-ம் நம்பர் படிவத்தைச் சங்கமே எழுதிக் கொடுக்கட்டும்.

இரண்டாவது, கிராம சபை கூடும்போது நூறு பேராகப் போவோம். காலம் தவறாமல் ஊராட்சித் தேர்தல் என்று தீர்மானம் போட்டு, அது புத்தகத்தில் ஏறும் வரை எழுந்திருக்காமல் இருப்போம்.

மூன்றாவது, ஓட்டுக்குப் பணம் நீட்டுகிறவரிடம், "இந்தப் பணத்தை உனக்குக் கொடுத்தது யார்?" என்று தெருவில் வைத்தே கேட்போம்.

அரை நாள் கூலி போகுமே என்பீர்கள். போகும். நமது பாட்டன்மார் காலத்தில் நிலமும் வரி ரசீதும் உள்ளவருக்கே ஓட்டு; கூலிக்காரனுக்கு இல்லை. அந்த நிலை திரும்பி வந்தால், போவது அரை நாள் கூலியோடு நிற்காது.

ஓட்டு நம்முடையது. கதவும் நம்முடையது. சாவியை வாங்குவோம்! ஒன்றுபடுவோம்!