மெட்டில் தீட்டு உண்டா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக்குப் போகும் தைப்பூசக் காவடிக்கு முன்னால், உறுமி மேளக் குழு சினிமா மெட்டை வாசிக்கலாமா, கூடாதா? இதுதான் நம் முன் உள்ள கேள்வி.

கூடாது என்பவர்களின் வருத்தம் நியாயமானதே. அலகு குத்திய பக்தர் முன்னால் குத்துப்பாட்டு ஒலித்தால் மனம் கூசத்தான் செய்யும். ஆனால், வெளியிலிருந்து வந்த மெட்டு என்றாலே தீட்டு என்று எதிரணி நண்பர் சொன்னதை நான் ஏற்க மாட்டேன்.

ஐரோப்பாவைப் பாருங்கள். மறுமலர்ச்சிக் காலத்தில் 'ஆயுதம் தரித்த மனிதன்' என்றொரு பிரெஞ்சுப் பாட்டு இருந்தது. அது தேவாலயப் பாட்டல்ல. ஆனால் தூஃபாய், ஜோஸ்கின் போன்ற மேதைகள் அந்த மெட்டை அடித்தளமாக வைத்தே திருப்பலி இசை அமைத்தார்கள். 1562இல் திரெந்துப் பொதுச்சங்கம், ஆபாசம் கலந்த இசையைத் தேவாலயத்தில் சேர்க்காதீர்கள் என்றது. அதற்குப் பிறகும், 1570இல், பலஸ்த்ரீனா அதே மெட்டில் அமைந்த திருப்பலி இசையை வெளியிட்டார். விலக்கப்பட்டது ஆபாசம்தான், மெட்டு அல்ல.

நம் கதையும் அதுதான். சிந்து என்பது பாமர மக்கள் பாடிய வடிவம். 19ஆம் நூற்றாண்டில் அண்ணாமலை ரெட்டியார் அதை எடுத்துக் கழுகுமலை முருகனுக்குக் காவடிச்சிந்து பாடினார். இன்று அது பக்தி இசை இல்லை என்று யார் சொல்வார்கள்?

நம் தோட்டங்களில் தப்பு மாரியம்மன் திருவிழாவிலும் ஒலித்தது, சாவு வீட்டிலும் ஒலித்தது. கருவி ஒன்று, அடி வேறு. எங்கே எந்த அடி என்பது பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் பக்கத்தில் நின்றே கற்றுக்கொண்டார்கள்.

பேராக்கில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து மக்கள் பட்டணத்துக்குச் சிதறினார்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று கற்ற அந்த இடமும் அதோடு போயிற்று. அடுக்குமாடி வீட்டில் வளரும் பையனின் காதில் விழுவது சினிமாப் பாட்டு மட்டுந்தான். தெரிந்ததைத்தான் அவன் அடிக்கிறான்!

வெறும் தடை போட்டால் என்ன ஆகும்? பையன் உறுமியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவான். அதை மறுபடி தூக்க ஆள் கிடைக்காது. ஆகவே ஆலய நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் இது: தைப்பூசத்துக்குச் சில மாதங்கள் முன்பே, அடி தெரிந்த பெரியவர்களை அழைத்து இளைஞர்களோடு உட்காரவையுங்கள். காவடிச்சிந்தைச் சொல்லிக்கொடுங்கள்.

முதலில் பாட்டைக் கொடுப்போம். கண்டிப்பை அப்புறம் வைத்துக்கொள்வோம்.