நின்ற பேனாவை மறுபடி எடுப்போம்

(கொமரலிங்கத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பகல் முழுவதும் பாடுபட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் கரும்புக் காட்டிலிருந்து நேராக வந்திருக்கிறீர்கள். சிலர் கம்பெனி வேனை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகையால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இந்த அமராவதிக் கரையில் எழுதத் தெரிந்த உழைப்பாளிகள் நிறையப் பேர் உண்டு. பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர்கள் உண்டு. ஊர்வலத்துக்குப் பாட்டுக் கட்டியவர்கள் உண்டு. நாலு பேராகச் சேர்ந்து கையெழுத்து ஏடு நடத்தியவர்களும் உண்டு. அவர்களில் பலருடைய நோட்டுப் புத்தகம் இன்று எங்கே இருக்கிறது? பரண் மேலே இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மூடிய நோட்டை அப்புறம் திறக்காதவர்கள் எத்தனை பேர்? கலியாணம், குழந்தை, கடன், நைட் ஷிப்ட் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பேனாவைக் கீழே வைத்தவர்கள் எத்தனை பேர்?

கேட்டால் என்ன சொல்கிறார்கள்? “எழுதி ரொம்ப நாளாச்சுங்க. இனி நமக்கு வராதுங்க” என்கிறார்கள். வருமா, வராதா? இதைத்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

இடைவெளி குற்றமல்ல

முதலாவதாக ஒன்று சொல்லிவிடுகிறோம். எழுதாமல் இருந்தது சோம்பேறித்தனமல்ல. பன்னிரண்டு மணி நேரம் பவர் டேபிளில் குனிந்திருந்தவளுக்கு இரவு பத்து மணிக்கு எழுத்து ஓடாது. குனிந்து நாற்று நட்ட இடுப்பு, மறுபடியும் நோட்டின்மேல் குனிய மறுக்கும். இதை உணராதவர்கள்தான் “மனம் இருந்தால் மார்க்கம் உண்டு” என்று உபதேசம் செய்வார்கள். மனம் மட்டும் போதாது. நேரமும் வேண்டும், உடம்பில் தெம்பும் வேண்டும்.

பெரிய எழுத்தாளர்களுக்கே இடைவெளி விழுந்திருக்கிறது. வெகு தூரம் போக வேண்டாம். நம்முடைய தாராபுரம் வட்டாரத்துக் கீரனூரில் பிறந்தவர் ஆர். சண்முகசுந்தரம். 1942இல் “நாகம்மாள்” என்ற நாவலை எழுதினார். புருஷனை இழந்த ஒரு குடியானவப் பெண், நிலத்தில் தன் பங்கைக் கேட்கிற கதை அது. 1944இல் “பூவும் பிஞ்சும்”, 1945இல் “பனித்துளி” வந்தன. அப்புறம்? பதினைந்து வருஷம் அவரிடமிருந்து நாவல் வரவில்லை. 1960இல்தான் “அறுவடை” வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அடுத்த பத்து வருஷத்தில் அவர் பத்துக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். பதினைந்து வருஷ இடைவெளி அவர் கையை முடக்கிவிடவில்லை. ஏன் முடக்கவில்லை? நாவல் எழுதவில்லையே தவிர, அவர் எழுத்தை விட்டு விலகிப் போய்விடவில்லை. கோவையில் பதிப்பக வேலை பார்த்தார். வங்காள நாவல்களைத் தமிழில் தந்தார். “பதேர் பாஞ்சாலி”யைத் தமிழாக்கியவரும் அவர்தான். சொந்தக் கதை வராத காலத்திலும், கை காகிதத்தின் மேலேயே இருந்தது.

இதிலிருந்து நாம் கற்கிற பாடம் என்ன? கதை வரவில்லையா, பாட்டு வரவில்லையா, பரவாயில்லை. பிறர் எழுதியதில் பிடித்த நாலு வரியை நோட்டில் எழுதிவையுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு மனு எழுதிக்கொடுங்கள். கை பழக்கத்தில் இருக்கட்டும்.

முதல் தண்ணீர் கலங்கல்தான்

நின்றதை மறுபடி தொடங்கும்போது என்ன நடக்கிறது? இரண்டு வரி எழுதுகிறோம். படித்துப் பார்க்கிறோம். நமக்கே பிடிக்கவில்லை. முன்பு எழுதியதை எடுத்துப் பார்க்கிறோம். “அன்றைக்கு எப்படி எழுதினோம், இன்றைக்கு இப்படியா!” என்று காகிதத்தைக் கசக்கி எறிகிறோம். பேனா மறுபடி பரணுக்குப் போய்விடுகிறது.

விவசாயத் தொழிலாளர்களைக் கேட்கிறோம். கொமரலிங்கம் ராஜவாய்க்காலில் அடைப்பு முடிந்து தண்ணீர் திறக்கும்போது முதலில் என்ன வருகிறது? சருகு வருகிறது, சேறு வருகிறது, நுரை வருகிறது. காய்ந்த வாய்க்கால் பாதித் தண்ணீரைத் தானே குடித்துவிடுகிறது. முதல் நாளே கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருமா? சேராது. அதற்காக யாராவது, “இந்தத் தண்ணீர் கலங்கல், மதகை மூடு” என்று சொன்னதுண்டா?

ஆலைத் தொழிலாளர்களைக் கேட்கிறோம். நின்றுபோன ஸ்பின்னிங் மிஷினை மறுபடி ஓட்டும்போது இழை அதிகமாக அறுகிறதா, இல்லையா? அறுகிறது. நீங்கள் மிஷினை நிறுத்திவிட்டா வீட்டுக்குப் போகிறீர்கள்? அறுந்த இழையை ஒட்டுகிறீர்கள். மறுபடி அறுந்தால் மறுபடி ஒட்டுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நிதானப்படுகிறது.

எழுத்தும் இப்படித்தான். திரும்பத் தொடங்கி எழுதுகிற முதல் பத்துப் பக்கம் கலங்கல் தண்ணீர். அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கிழிக்கவும் கிழிக்காதீர்கள். தேதி போட்டு வையுங்கள்.

உற்சாகம் முன்னாலே வராது

“உற்சாகம் வந்தால் எழுதுவேன்” என்கிறார்கள் சிலர். நாற்று நடும் பெண்கள் உற்சாகம் வரட்டும் என்று வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்களா? சேற்றில் இறங்குகிறார்கள். முதல் பத்து முடி நட்டதும் ஒருத்தி பாட்டெடுக்கிறாள். பத்துப் பேர் பின்பாட்டுப் பாடுகிறார்கள். வேலைக்குள் இறங்கிய பிறகுதான் பாட்டு வருகிறது. எழுத்துக்கும் அதே நியாயம்தான்.

ஆகையால் அளவைச் சின்னதாக வையுங்கள். ஒரு நாளைக்குப் பக்கம் பக்கமாக எழுதுவதாகச் சபதம் செய்யாதீர்கள். மூன்றாம் நாள் சபதம் முறியும், அதோடு மனமும் முறியும். ஐந்து வரி போதும். அந்த ஐந்து வரியைத் தினமும் ஒரே வேளையில் எழுதுங்கள். அது டீ நேரமாக இருக்கலாம், வேனுக்குக் காத்திருக்கும் நேரமாக இருக்கலாம். நோட்டு இல்லையா? பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம் போதும். கையில் போன் இருக்கிறதே, அதில் பேசிப் பதிவுசெய்து, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதலாம்.

இன்னொன்று. முதலிலிருந்து தொடங்காதீர்கள். தறிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? பழைய பாவு தீரும்போது அச்சில் கோத்த இழையை உருவிப் போட்டுவிடுவதில்லை. பழைய பாவின் நுனியை அப்படியே விட்டு, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு பிணைக்கிறார்கள். அச்சுப் பிணைத்தல் என்கிறார்களே, அதுதான். நீங்களும் பழைய நோட்டை எடுங்கள். கடைசியாக எழுதிய வரியைப் படியுங்கள். அதற்கு அடுத்த வரியை எழுதுங்கள். இடையில் ஐந்து வருஷம் ஓடியிருந்தால், அந்த ஐந்து வருஷம் என்ன நடந்தது என்பதே அடுத்த வரியாகட்டும்.

எழுதி என்ன ஆகும்?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். “எழுதினால் கூலி உயருமா?” என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எழுத்து மாத்திரம் கூலியை உயர்த்தாது. ஆனால் எத்தனை மணிக்கு வேலைக்குப் போனோம், எத்தனை மணிக்கு விட்டார்கள், எத்தனை பீஸ் தைத்தோம், எவ்வளவு பிடித்தார்கள் என்று தினமும் குறித்து வைத்திருப்பவனிடம், பேச்சுவார்த்தை நாளில் கையில் கணக்கு இருக்கும். குறிக்காதவனிடம் ஆத்திரம் மட்டுமே இருக்கும்.

கணக்கையும் தாண்டி ஒன்று இருக்கிறது. 1984இல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். 127 நாள் நடந்தது அந்தப் போராட்டம். எத்தனை நாள் என்பதைப் புத்தகங்கள் சொல்லும். தொண்ணூறாவது நாள் அடுப்பில் என்ன வெந்தது? யார் வீட்டுப் பாத்திரம் அடகுக்குப் போனது? கடன் கொடுத்த மளிகைக்காரர் என்ன சொன்னார்? அது அந்த அடுப்பின் முன்னால் நின்ற பெண்ணுக்குத்தான் தெரியும். அன்று இருபது வயதாக இருந்தவளுக்கு இன்று அறுபதுக்கு மேலே. அவள் சொல்லாமல் போனால், அந்தத் தொண்ணூறாவது நாளும் அவளோடு போய்விடும்.

நம் வயல்களில் பாடிய நடவுப் பாட்டுகள் எத்தனை! மிஷின் நட ஆரம்பித்த வயலில் பாட்டுக்கு வேலையில்லை. பாட்டுத் தெரிந்த பாட்டிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நாளை இருப்பார்களா? எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்திருக்கிற ஒவ்வொரு வருஷமும் இந்தச் செல்வம் கரைகிறது. இதுதான் தோழர்களே, நம் இடைவெளிக்கு நாம் கொடுக்கிற விலை.

“என் தமிழ் பிழையான தமிழ்”

இப்படிக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. சண்முகசுந்தரத்தின் நாவல்களில் பேசுகிறவர்கள் யார்? கொங்குநாட்டுக் குடியானவர்கள். எந்தப் பேச்சில் பேசுகிறார்கள்? நம் வீட்டுத் திண்ணையில் பேசுகிற பேச்சில்தான். அதனால்தான் எண்பது வருஷம் கழித்தும் அந்தப் புத்தகம் உயிரோடு இருக்கிறது. எழுத்துப் பிழையை இன்னொருவர் திருத்திவிடலாம். நீங்கள் பார்த்ததை இன்னொருவர் பார்த்துத் தர முடியாது.

“வயதாகிவிட்டது” என்கிறவர்களுக்கு ஒரு சேதி. பழனிக்கு அந்தப் பக்கம் திண்டுக்கல்லில் வக்கீலாக இருந்தார் தோழர் டி. செல்வராஜ். 1960களிலும் 1970களிலும் நாவல்கள் எழுதியவர். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் வாழ்க்கையை “தோல்” என்ற பெரிய நாவலாக எழுதினார். அது வெளிவந்தது 2010இல். அப்போது அவருக்கு வயது 72. 2012ஆம் வருஷத்துச் சாகித்ய அகாதமிப் பரிசு அதற்குக் கிடைத்தது.

பாரதியைப் பாருங்கள். 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்தவர். 1908இல் புதுச்சேரிக்குப் போக நேர்ந்தது. அங்கிருந்து நடத்திய “இந்தியா” பத்திரிகையும் 1910இல் நின்றது. 1918இல் திரும்பி வந்தபோது கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். 1920இல் மறுபடி சுதேசமித்திரன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். 1921 செப்டம்பரில் மறைந்தார். மிஞ்சிய காலம் ஒரு வருஷம்கூட முழுதாக இல்லை. அந்தக் கொஞ்ச காலத்திலும் எழுதிக்கொண்டே இருந்தார்.

பயம் என்றால்?

சிலருடைய பேனா களைப்பால் நிற்கவில்லை, பயத்தால் நின்றது. மேஸ்திரி பார்த்துவிடுவானோ, ஊரில் பகை வருமோ என்ற பயம் வெறும் பிரமையல்ல. நம் கொங்குப் பகுதி எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நேர்ந்தது உங்களுக்குத் தெரியும். “மாதொருபாகன்” நாவலுக்காக எழுந்த எதிர்ப்பில், 2015 ஜனவரியில் தமக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்றே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவர் மறுபடி எழுத வேண்டும் என்றது. ஆகஸ்டில் “கோழையின் பாடல்கள்” என்ற கவிதைத் தொகுதி வந்தது. பயந்த காலத்தின் பாட்டுகளையே புத்தகமாக்கி, அதன் வழியாகத் திரும்பி வந்தார்.

நமக்கு இதில் என்ன யோசனை? பயம் இருந்தால் பயத்தையே எழுதுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் நாலு தோழர்களிடம் படித்துக் காட்டுங்கள். தேவையானால் புனைபெயர் வையுங்கள். தனியாளாக எழுதினால் தனியாளாகப் பயப்பட வேண்டும். கூட்டாகச் செய்தால் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

கூட்டாகச் செய்வோம்

பனியன் கம்பெனியில் ஒருத்தரே கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் எல்லாம் செய்வதில்லை. எழுத்தையும் அப்படிப் பிரித்துக்கொள்வோம். மூன்று பேர் சேருங்கள். ஒருவர் சொல்லட்டும், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவாக இருந்தாலும் சரி. ஒருவர் எழுதட்டும். ஒருவர் உரக்கப் படித்துத் திருத்தட்டும். கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் எழுதுகிறவன் நிறுத்தமாட்டான். வாரக் கடைசியில் “எங்கே உன் பக்கம்?” என்று கேட்க ஒரு சிநேகிதன் இருப்பதுதான் பெரிய உற்சாகம்.

ஒரு வாரம் தவறிவிட்டதா? தவறட்டும். போன வாரத்துப் பாக்கியைச் சேர்த்து எழுத வேண்டாம். இந்த வாரத்து ஐந்து வரியை எழுதுங்கள். பாக்கி ஏற ஏறத்தான் கடன்காரன் ஊரைவிட்டு ஓடுகிறான்.

அடுத்த மாதம் இதே இடத்தில் கூடுகிறோம். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் கொண்டு வாருங்கள். சம்பளக் கணக்காக இருக்கட்டும், ஒரு நடவுப் பாட்டாக இருக்கட்டும், ஊரடங்கில் நடந்தே ஊர் போன வெளிமாநிலத் தொழிலாளியைப் பற்றிய நினைவாக இருக்கட்டும். நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டோம். தேதி போட்டிருக்கிறதா என்று மட்டும்தான் கேட்போம்.