இடாப்பில் இருக்கும் பெயர்கள்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியம் பற்றிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். சீனி, பிறசர் பற்றித் தேநீர் இடைவேளையில் தாராளமாகக் கேளுங்கள். நான் பேச வந்தது முதலாம் தவணை முடிவைப் பற்றி. ஆரம்பப் பிரிவில் படித்த எவருக்கும் அந்த நாட்கள் மறக்காது.

நான் மண்டூர்ப் பிள்ளை. படுவான்கரையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். எங்கள் ஊரைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். அங்கே முருகனுக்கு வாய்கட்டித்தான் பூசை நடக்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து கன்னியர் மடத்துக்கு வந்த பிள்ளை மிரண்டு போயிருக்க வேண்டும். எனக்கு அப்படி நடக்கவில்லை. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று சிஸ்டர்மார் நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்கு வந்தார்கள். "இவர்களும் எங்கட ஆட்கள்தான்" என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். முந்தைய ஆண்டின் குருத்தோலையை எரித்த சாம்பல் அது என்று பிறகுதான் அறிந்தேன். குருத்தோலையும் எனக்குப் புதிதில்லை. ஊரில் கோயில் சடங்குக்குத் தோரணம் கட்டுவதும் அதே தென்னங்குருத்தில்தானே.

பெரிய வியாழன் இரவிலிருந்து பாஸ்கா இரவு வரை ஆலய மணி ஒலிக்காது. விடுதியிலும் சத்தம் போட்டுப் பேச மாட்டோம். வாய்கட்டிப் பூசை கண்ட பிள்ளைக்கு அந்த மௌனத்தின் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சமய பாட வேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு வகுப்புக்கும் சைவப் பிள்ளைகள் இன்னொரு வகுப்புக்கும் போவோம். மணி அடித்ததும் ஒரே வாங்கில் வந்து இருப்போம். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்பின் உதவி பெறும் பாடசாலைகள் அரசின் கைக்குப் போயின. ஆனாலும் வெள்ளை உடுப்பணிந்த அந்தச் சிஸ்டர்மார் எங்களை விட்டுப் போகவில்லை.

உயிர்த்த ஞாயிறு ஆண்டுக்கு ஆண்டு ஏன் நகருகிறது என்று நாலாம் ஆண்டு ரீச்சர் கரும்பலகையில் நிலா வரைந்து காட்டினார். மார்ச் 21இலோ அதன் பின்னரோ வரும் முதல் பூரணைக்கு அடுத்த ஞாயிறுதான் அது. ஆகவே மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். அந்தப் பூரணை பெரும்பாலும் எங்கள் பங்குனி உத்தர நிலா. சித்திரைப் புத்தாண்டோ சூரியக் கணக்கில் ஏப்ரல் 13, 14ஐ விட்டு அசையாது. முதலாம் தவணை புத்தாண்டுக்கு முன் முடியும். எனவே நிலா முந்தினால் பெருவிழாப் பலகாரம் விடுதியில் கிடைக்கும். பிந்தினால் வீட்டில் புத்தாண்டுப் பலகாரம் முடிந்த பிறகு வரும். பிள்ளைகளாகிய எங்களுக்கு வான சாத்திரம் விளங்கியது இந்தக் கணக்கில்தான்.

1990ஆம் ஆண்டில் புத்தாண்டு ஏப்ரல் 14, உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 15. இந்தியப் படை வெளியேறி மூன்று வாரம் ஆகியிருந்தது. பெரியவர்கள் கொஞ்சம் மூச்சு விட்ட காலம். தவணையின் கடைசி நாளில் வாங்குகளை வெளியே தூக்கிப் போட்டுக் கழுவினோம். தேர்ச்சி அறிக்கை வாங்கினோம். தவக்கால உண்டியலை உடைத்துச் சில்லறை எண்ணினோம். மறுநாள் அப்பாவோடு களுவாஞ்சிகுடியில் இறங்கி, குருமண்வெளித் துறையில் பாதையில் ஏறி வாவியைக் கடந்தேன். வெளியூர்த் தோழிகளுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தண்ணீரில் போவது.

ஜூன் 11இல் மறுபடி யுத்தம் தொடங்கியது. பெற்றோர் ஒவ்வொருவராக வந்து விடுதிப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். நான் திரும்பி வந்தது அடுத்த ஆண்டு. வாவியின் ஒரு கரை ஒருவர் கையிலும் மறுகரை இன்னொருவர் கையிலும் இருந்த காலம். 1991இல் உயிர்த்த ஞாயிறு மார்ச் 31. தவணை முடிந்தபோது அப்பாவால் வர முடியவில்லை. என்னைப் போல் இன்னும் சிலர் விடுதியிலேயே நின்றோம். எங்களுக்காகப் புத்தாண்டன்று மடத்துக் குசினியில் பொங்கிப் படைத்தவர்கள் சிஸ்டர்மார்தான்.

அந்த ஆண்டில் என் மனதில் பதிந்த வேறொன்றைச் சொல்லவே இந்த மேடைக்கு வந்தேன். காலையில் ரீச்சர் இடாப்பு வாசிப்பார். சில பெயர்களுக்குப் பதில் வராது. அவர் அந்தப் பெயர்களை வெட்டவில்லை. நாள்தோறும் வாசித்தார். பிறகு, "இந்தப் பிள்ளையின் ஊர்ப் பக்கம் யார்?" என்று கேட்பார். பஸ் நடத்துனர், மீன்காரர், பாதைக்காரர் என்று ஊர்ப்பக்கம் போகிற எவரிடமும் ஒரு துண்டுக் கடிதம் கொடுத்து விடுவார். அப்படிக் கடிதம் போய் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒருத்தி வரவேயில்லை. அவளுடைய பெயரையும் அவர் ஆண்டு முடியும்வரை வாசித்தார்.

வைத்தியராகி இத்தனை ஆண்டுகளின் பின்தான் அதன் பெறுமதி எனக்கு விளங்குகிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற சிறுவர்களும் இறந்தார்கள். இரண்டாம் தவணை மறுநாள் தொடங்கவிருந்தது. தொடங்கவில்லை. மே மாதத்தில் திறந்தபோதும் தாயின் சேலையை விடாமல் வாசலில் நின்ற பிள்ளைகளைக் கண்டேன். மருந்துத் துண்டில் எழுதிக் கொடுக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. "நாளைக்கும் உன் பெயரை வாசிப்பேன், வா" என்று சொல்ல ஒரு ரீச்சர் இருந்த வகுப்புகளுக்குப் பிள்ளைகள் திரும்பினார்கள்.

இன்று துறையில் தடை இல்லை. ஆனாலும் சித்திரை விடுமுறைக்குப் போன எல்லாப் பிள்ளைகளும் திரும்புவதில்லை. அம்மா மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போயிருப்பார். தம்பியைப் பார்க்க மூத்த பெண்பிள்ளை வீட்டில் நிற்பாள். அம்மம்மாவுக்குச் சுகமிருக்காது. பஸ்ஸுக்குக் காசிருக்காது. அந்தப் பிள்ளைகள் பல ஆண்டுகளின் பின், படிப்பை விட்ட இளம் தாய்மாராக என் கிளினிக்கில் வந்து இருக்கிறார்கள். "எந்த வகுப்போடு நின்றாய்?" என்று கேட்டால், விடுமுறைக்குப் போனதோடு நின்றதாகச் சொன்னவர்கள் பலர்.

ஆகவே நம் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. நூற்றாண்டுக்குக் கட்டடம் கட்டுவோம், கேற் கட்டுவோம், நல்லது. அதோடு, ஒவ்வோர் ஆண்டும் இரண்டாம் தவணையின் முதல் வாரத்தில், அதிபரின் அனுமதியோடு ஆரம்பப் பிரிவு இடாப்பைப் பார்ப்போம். பதில் வராத பெயர்களைக் குறித்து, எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருக்கும் நம் பழைய மாணவிகள் அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்கட்டும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருப்பவர்கள் பஸ் காசையும் கொப்பிக் காசையும் பொறுப்பெடுக்கட்டும். பெரிய தொகை வேண்டியதில்லை. நேரமும் நடையும்தான் வேண்டும்.

வரும் சித்திரைக்குப் பிந்திய முதல் திங்கட்கிழமைக்கு என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள். மண்டூர்ப் பக்கத்து வீடுகளுக்கு நான் போகிறேன். மற்ற ஊர்களுக்கு யார் யார் என்பதை இன்று மாலை பிரியும் முன் தீர்மானிப்போம்.