பழைய வண்டி வாங்கறீங்களா? முதலில் பில்லைக் கேளுங்கள்

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கிய பிறகு மாசாமாசம் வரும் ரிப்பேர் செலவைப் பற்றி இன்னைக்குப் பேசலாம்.

நகையை அடகு வைத்து ஒரு பழைய லோடு வண்டி எடுக்கிறோம். முதல் மாதம் ரேடியேட்டர் ஒழுகுது, அடைக்கிறோம். அடுத்த மாதம் இன்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கட் போகுது. மாற்றினாலும் மறுபடியும் சூடாகுது. பார்த்தால் மூணு ரிப்பேர். உண்மையில் ஒரே கோளாறுதான். விற்றவரிடம் கேட்டால், "ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீங்க?" என்பார். அதற்குப் பதில் சொல்ல உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

ஆகவே, வாங்கும் முன் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். 2015, 2023 வெள்ளங்களைப் பார்த்த சென்னையில் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். சர்வீஸ் பதிவையும் கேளுங்கள். கிலோமீட்டர் கணக்கு அதில் தெரிந்துவிடும்.

அடுத்து எழுத்து. "இன்ஜினுக்கு நான் பொறுப்பு" என்று வாயால் சொன்னால் போதாது; எத்தனை மாதம், எந்தெந்தப் பாகம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பழைய வண்டி விற்கும் டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள். படிவம் 29, 30 கொடுத்து ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இன்ஷூரன்ஸையும் மறக்காமல் மாற்றுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் கோளாறு வந்தால்? ஒவ்வொரு ஜாப் கார்டையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். கோளாறுக்குக் காரணம் என்ன என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். விற்ற டீலருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

"லோடு அடிக்க வாங்கின வண்டி, வியாபாரம் ஆச்சே" என்று தயங்காதீர்கள். சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு சட்டமே சொல்கிறது. ஆனால், தன் வண்டியை விற்கும் தனிநபரிடம் வாங்கினால் இந்த வழி பொதுவாகக் கிடைக்காது. அங்கே மெக்கானிக்கின் சோதனைதான் உங்களுக்குக் காப்பு.

மெக்கானிக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாயைக் கணக்குப் பார்க்காதீர்கள். அடகு வைத்த நகை வீடு திரும்புவதும் திரும்பாததும் அதில்தான் இருக்கிறது.