சமயக்கணக்கருள் பூதவாதி: நாத்திகம் ஒரு மதமா?

நாத்திகம் ஒரு மதமா என்ற கேள்விக்குத் தமிழாய்வு அரங்குகளில் இரண்டு விடைகள் நெடுநாளாக எதிரெதிரே நிற்கின்றன. மதம் என்றால் கடவுள் நம்பிக்கை, நாத்திகம் அதை மறுப்பது, ஆகவே அது மதமாகாது என்பது ஒன்று. நாத்திகர்க்கும் கொள்கை உண்டு, ஆசான் உண்டு, கூட்டம் உண்டு. பழந்தமிழ் நூல்களே அவர்களைச் சமயத்தாருள் வைத்து எண்ணியுள்ளன. ஆகவே அதுவும் மதமே என்பது மற்றொன்று. இரண்டாம் தரப்பார் தவறாமல் எடுத்துக்காட்டுவது மணிமேகலையின் 27ஆம் காதை. அந்தச் சான்று அவர்கள் சொல்லும் முடிவைத் தாங்காது என்பதே இவ்வுரையின் துணிபு. முதல் தரப்பாரின் விடைக்கும் அதே காதை இடம் தராது.

 

1. சொற்களின் வழக்கு

மதம் என்ற சொல்லுக்குக் கருதப்பட்டது, கொள்கை என்பதே பழம்பொருள். நன்னூல் எழுவகை மதம் என்று வகுக்கிறது. பிறர் கருத்தை உடன்படுதலும் மறுத்தலும் பிறர் நூலின் குற்றம் காட்டுதலும் அவற்றுள் சில. நூலாசிரியன் எடுக்கும் நிலைப்பாடுகளே அங்கு மதம் எனப்பட்டன. வழிபாட்டுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. மணிமேகலையில் சாங்கிய மதம் என்று வருவதும் சாங்கியரின் கொள்கை என்ற அளவில்தான். 1872ஆம் ஆண்டின் குடிக்கணக்கிலிருந்து ஒவ்வொருவரையும் ஏதேனும் ஒரு மதத்தின் கீழ் எழுதும் வழக்கம் அரசு ஏடுகளில் நிலைபெற்றது. பிறப்பால் சேர்ந்த மக்கள் தொகுதி என்ற பொருள் அதனால் மேலும் வலுப்பட்டது. இன்று மதம் என்றதும் மனத்தில் எழுவது இந்தப் பொருள். இதைப் பழநூலுக்குள் கொண்டுபோய் வைத்துப் படிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நாத்திகம் என்ற சொல்லும் ஒரு நிலையில் நின்றதில்லை. பாணினியின் சூத்திரத்துக்கு உரை கண்டவர்கள் மறுமை இல்லை என்பவனை நாத்திகன் என்றனர். மனுநூல் வேதத்தை இகழ்பவனை நாத்திகன் என்றது. இன்று கடவுள் இல்லை என்பவனே நாத்திகன். முதற்பொருளில் பௌத்தரும் சமணரும் ஆத்திகர். இரண்டாம் பொருளில் அவர்களே நாத்திகர். மூன்றாம் பொருளைக் கொண்டால், வேதத்தைத் தலைமேல் வைத்துப் போற்றியும் உலகைப் படைத்த இறைவன் ஒருவன் தேவையில்லை என்ற மீமாஞ்சகரையும் நாத்திகர் பக்கத்தில்தான் நிறுத்த வேண்டும். எந்தப் பொருளில் நாத்திகம், எந்தப் பொருளில் மதம் என்று முதலில் வரையறுக்காமல் ஆம், இல்லை என்பது வீண்.

2. வஞ்சி மாநகரில் பதின்மர்

1898இல் உ. வே. சாமிநாதையரின் பதிப்பாக வெளிவந்த நாள்முதல் மணிமேகலையின் 27ஆம் காதை தத்துவ வரலாற்றாசிரியர்களின் கவனத்தைப் பெற்றுவருகிறது. வஞ்சி நகரில் காப்பியத் தலைவி மணிமேகலை மாதவன் (ஆண் துறவி) வடிவில் சமயவாதிகளை ஒருவர்பின் ஒருவராக அணுகுகிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என்று பதின்மர் தத்தம் கொள்கையை உரைக்கின்றனர். காதையின் பெயர் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. கடைசியில் பேசும், மறுமையை மறுக்கும் நாத்திகனான பூதவாதியும் அந்தக் கணக்கருள் ஒருவன் என்பதில் ஐயமில்லை.

இதைவிட வலிய சான்று அளவைவாதியின் பேச்சிலேயே கிடைக்கிறது. அவன் ஆறு சமயங்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் பெயரும் தருகிறான். உலகாயதத்துக்குப் பிருகற்பதி, பௌத்தத்துக்குச் சினன், சாங்கியத்துக்குக் கபிலன், நையாயிகத்துக்கு அக்கபாதன், வைசேடிகத்துக்குக் கணாதன், மீமாஞ்சகத்துக்குச் சைமினி. உலகாயதம் என்னும் நாத்திகக் கொள்கை பட்டியலின் தலையில் நிற்கிறது. நாத்திகமும் மதமே என்போர் இந்த இடத்தைச் சுட்டிவிட்டு வாதத்தை முடித்துக்கொள்கின்றனர்.

பட்டியலை அந்த இடத்தில் விட்டுவிடாமல் முழுவதும் படிக்க வேண்டும். உலகாயதத்தோடு அதே பட்டியலில் நையாயிகமும் வைசேடிகமும் இருக்கின்றன. முன்னது வாதமுறையையும் அறிவுக் கருவிகளையும் ஆராய்வது. பின்னது பொருள்களை வகைப்படுத்துவது. இவற்றைத் தழுவியவர் தனிக் கோயில் கட்டியதில்லை. தனிச் சமூகமாகப் பிரிந்து வாழ்ந்ததுமில்லை. பெயர்களை அடுத்து அளவைவாதி சொல்வதையும் விட்டுவிடக் கூடாது. காட்சி, அனுமானம், ஆகமம், உவமானம், அருத்தாபத்தி, அபாவம் என்ற ஆறு அளவைகளை அவன் எண்ணுகிறான். சமயம், அதன் ஆசிரியர், அளவை என்ற இந்த வைப்புமுறையே பட்டியலின் நோக்கத்தைக் காட்டிவிடுகிறது. எதை வைத்து உண்மையை அறிவது என்ற வினாவில் நிலைப்பாடு கொண்ட பள்ளிகளின் வரிசை இது. அந்த வரிசையில் உலகாயதத்துக்கு முழு உரிமை உண்டு. இன்றைய பொருளில் அதை மதம் என்பார், நையாயிகத்தையும் மதம் என்றாக வேண்டும். அப்படிச் சொல்ல எவரும் முன்வருவதில்லை.

அடுத்து, மணிமேகலை கேட்கும் கேள்விகள். இந்தக் காதையில் விடைகளை ஆராய்ந்தவர் பலர். கேள்விகளை ஒப்பிட்டவர் அரியர். சைவவாதியிடம் அவன் தெய்வத்தின் இயல்பைக் கேட்கிறாள். ஆசீவகவாதியிடம் அவன் இறை யார், நூற்பொருள் யாது என்கிறாள். நிகண்டவாதியிடம் அவன் புகழும் தலைவன் யார், நூற்பொருள் எவை, கட்டும் வீடும் யாவை என்கிறாள். வைசேடிகவாதியிடம் வந்ததும் கேள்வி சுருங்கிவிடுகிறது. அவன் வழக்கைச் சொன்னால் போதும். பூதவாதியிடம் அதுவும் இல்லை. பேசச் சொல்வதோடு சரி. தலைவனைப் பற்றியோ, நூலைப் பற்றியோ, கட்டும் வீடும் பற்றியோ அவனிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை.

இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. ஆசீவகரும் நிகண்டரும் படைப்புக் கடவுளை ஏற்காதவர்கள். ஆனாலும் அவர்களிடம் தலைவனையும் நூலையும் கேட்கிறாள். அவர்களிடம் அவை இருந்தன. பூதவாதியிடம் இல்லாதவற்றை அவள் கேட்கவில்லை. சமயக்கணக்கர் என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வகையினர் இருப்பதை நூலாசிரியர் சாத்தனார் கேள்விகளின் வேறுபாட்டால் காட்டியிருக்கிறார். கடவுள் உண்டு என்பார், இல்லை என்பார் என்ற பிரிவும் அதுவன்று. தலைவனும் நூலும் விடுதலை நெறியும் உடையார் ஒரு புறம். வழக்கு மட்டும் உடையார் மறுபுறம்.

பூதவாதி சொல்வதையும் அருகிலிருந்து கேட்க வேண்டும். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேர்ந்தால் மதுவின் களிப்புப் பிறக்கிறது. அதுபோலப் பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. அவை பிரியும்போது பறையின் ஓசை ஓய்வதுபோல உணர்வும் ஓய்கிறது. உவமை கள்வடிப்போரின் பானையிலிருந்து வந்தது. ஆயுர்வேத மருந்து செய்வோர் ஆசவங்களும் அரிஷ்டங்களும் நொதிப்பதற்கு இன்றும் தாதகிப் பூவைச் சேர்க்கின்றனர். பூவைத் தின்றவனுக்கு வெறி ஏறாது. வெல்லத்தைத் தின்றவனுக்கும் ஏறாது. இரண்டும் நீரில் ஊறிச் சில நாள் கிடந்தால் முன்பு எதிலும் இல்லாத ஒன்று தோன்றிவிடுகிறது. உயிருக்குத் தனிப்பொருள் தேவையில்லை என்பதற்குப் பானையைத் திறந்து காட்டி வாதிடுகிறான் அவன்.

அவன் தன்னை உலகாயதனிடமிருந்து பிரித்தும் காட்டுகிறான். உயிருள்ள பூதம், உயிரற்ற பூதம் என இருவகை உண்டு. அவ்வவற்றிலிருந்து அவ்வவையே பிறக்கும் என்பது அவன் கொள்கை. மற்றவற்றில் உலகாயதனோடு அவனுக்கு வேறுபாடில்லை. எதிரியை எளிதில் வீழ்த்துவதற்காகப் புனைந்த பாத்திரத்துக்கு இத்தகைய உட்பிரிவு வேண்டியதில்லை. வாழ்ந்த பள்ளி ஒன்றின் உள்வாதம் இங்கே பதிவாகியிருக்கிறது. கண்கூடே அளவை, கருத்தளவை செல்லாது, இம்மையும் அதன் பயனும் இப்பிறப்போடு முடியும், மறுமையில் வினைப்பயன் துய்ப்பது பொய் என்பவை அவன் முடிபுகள்.

முற்பிறப்பை அறிந்தவர் உண்டோ என்ற பேச்சு எழும்போது, தெய்வ மயக்கத்தாலும் கனவாலும் மனம் திரிந்தவர் சொல்வதே அது என்று அவன் தள்ளிவிடுகிறான். மணிமேகலை மறுமொழியாகக் கேட்பது ஒன்றுதான்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எவ்வாறு அறிந்தாய்? தான் பிறந்ததைத் தானே கண்டவர் எவரும் இல்லை. பெற்றோர் இவர் என்று அறிவது பிறர் சொல்லாலும் கருதலாலும்தான். கண்கூட்டை மட்டும் நம்பும் கொள்கையை, அதைச் சொல்பவனின் பிறப்பிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறாள்.

இந்த உரையாடல் முழுவதிலும் உலகைப் படைத்தவன் உண்டா என்ற கேள்வி எழவே இல்லை. வாதம் மறுமையையும் அளவையையும் பற்றியது. அக்கேள்வி எழவும் வழியில்லை, ஏனெனில் மணிமேகலை தழுவப்போகும் பௌத்தமும் படைப்புக் கடவுளை ஏற்காதது. கடவுள் மறுப்பில் அவளும் பூதவாதியும் ஒரே கரையில் நிற்கின்றனர். வினையிலும் மறுபிறப்பிலும் எதிர்க்கரைகளில் நிற்கின்றனர். கடவுளை ஏற்பதை மதத்தின் இலக்கணமாக்கும் முதல் தரப்பார் இந்தக் காட்சியின் முன் விடை சொல்ல வேண்டும். கடவுள் மறுப்பு ஒரு மதத்தின் உள்ளேயும் இருக்கலாம், வெளியேயும் இருக்கலாம் என்பதைக் காதை ஒரே உரையாடலில் காட்டிவிடுகிறது.

3. பிற்கால எண்ணிக்கைகள்

சமணக் காப்பியமான நீலகேசியின் பத்துச் சருக்கங்களில் இறுதியானது பூதவாதம். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம் பதினான்கு கொள்கைகளை மறுக்கும்போது உலகாயதனை முதலில் வைக்கிறது. நிரீச்சுர சாங்கியனைத் தனியாகவும் பின்னாகவும் வைக்கிறது. கடவுளை ஏற்காத இருவர் ஒரே இடத்தில் இல்லை. சைவ சித்தாந்த மரபு உலகாயதத்தைப் பௌத்தப் பிரிவுகள் நான்கோடும் ஆருகதத்தோடும் சேர்த்துப் புறப்புறச் சமயம் ஆறு என்கிறது. இவ்வகைப்பாடு தன் கொள்கையிலிருந்து பிற கொள்கைகள் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதை அளக்கிறது. அவற்றின் இயல்பை அறிய அதையே நம்ப முடியாது.

4. ஓர் அளவுகோல்

மணிமேகலையின் கேள்விகளையே அளவுகோலாகக் கொள்ளலாம். போற்றப்படும் தலைவன், சான்றாக ஏற்கப்படும் நூல், கட்டிலிருந்து வீட்டுக்குச் செல்லும் நெறி ஆகிய மூன்றும் ஒரு கொள்கையைச் சுற்றிச் சேர்ந்து, அதை வாழ்ந்து காட்டும் கூட்டமும் இருந்தால் அது இன்றைய பொருளில் மதம். கடவுள் இல்லை என்பது ஒரு கேள்விக்குரிய விடை. அந்த விடை மட்டும் மதமாகாது. அந்த விடையை உடைய மதங்கள் உண்டு.

நீதிமன்றங்களும் இதை ஒட்டிச் சென்றிருக்கின்றன. சென்னை மாகாணத்தின் அறநிலைய ஆணையருக்கும் சிரூர் மடாதிபதிக்கும் இடையிலான வழக்கில் 1954இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மதம் கடவுள் நம்பிக்கை உடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று கூறிப் பௌத்தத்தையும் சமணத்தையும் எடுத்துக்காட்டியது. 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, சிறைவாசி ஒருவர் நாத்திகர் படிப்புக் குழு அமைக்கக் கேட்ட வழக்கில், நாத்திகத்தை மதம்போலக் கருதிப் பாதுகாப்புத் தரலாம் என்றது. உரிமையைக் காப்பதற்காகச் சட்டம் விரித்த பொருள் அது. இலக்கண வரையறையாக அதைக் கொள்ள வேண்டியதில்லை.

5. அண்மைக்காலம்

பிரெஞ்சு மெய்யியலாளர் ஆகுஸ்த் கோந்த் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த மானுட மதத்துக்கு நாள்காட்டியும் சடங்கும் இருந்தன. பிரேசிலில் அதற்குக் கோயிலும் எழுந்தது. மேற்சொன்ன அளவுகோலுக்கு மிக அருகில் வரும் கடவுளற்ற அமைப்பு இதுதான். 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் புரோகிதரையும் சடங்கையும் விலக்கியது. அது நடத்திய திருமணங்களுக்கு 1967இன் தமிழ்நாட்டுத் திருத்தம் சட்ட ஏற்புத் தந்தது. அந்தப் பிரிவு இந்துத் திருமணச் சட்டத்துக்குள் 7அ என இடம்பெற்றது. சட்டத்தின் ஏட்டில் இடம் எங்கே என்பதும் கொள்கையின் இயல்பு என்ன என்பதும் வேறு வேறு. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மதம் குறிப்பிடாதோர் சுமார் 29 லட்சம் பேர். அவர்கள் எல்லாரும் நாத்திகர் என்று எண்ணிவிடக் கூடாது.

6. செய்ய வேண்டியவை

காதையின் முடிவில் ஐவகைச் சமயம் என்று தொகை வருகிறது. பதின்மர் ஐவராவது எவ்வாறு என்பதற்கு உரைகளை ஒப்பிட்ட தனி ஆய்வு வேண்டும். மணிமேகலையின் கேள்விகளைச் சுவடி வேறுபாடுகளோடு தொகுக்க வேண்டும். நீலகேசியின் பூதவாதத்தையும் இக்காதையையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். 1940இல் பரோடாவில் அச்சேறிய சயராசி பட்டரின், உலகாயதச் சார்புடையதாகக் கருதப்படும் தத்துவோபப்லவசிம்மம் என்ற நூலுக்கு முழுத் தமிழாக்கம் தேவை. 1882 முதல் 1888 வரை சென்னையில் வெளிவந்த தத்துவவிவேசினி என்ற நாத்திக இதழில் மதம், சமயம், நாத்திகம் என்ற சொற்கள் ஆளப்பட்ட இடங்களை ஆண்டு வரிசையில் பட்டியலிட்டால் பொருள் மாறிய காலம் துலங்கும். அப்பட்டியலை அகராதிப் பதிவுகளோடு ஒத்துப் பார்ப்பது அதற்கடுத்த பணி.