பத்துக் காசும் படிப்பகமும்

(நமது இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேசுவதற்குச் செயலாளர் அவர்கள் எனக்குத் தந்த தலைப்பு 'நெய்தல் திணையும் இன்றைய கவிதையும்' என்பதாகும். என் ஆய்வுப் பட்டத்துக்குரிய துறை அது. எனினும் அதனை மாற்றித் தருமாறு வேண்டிக்கொண்டேன். சென்ற மாதம் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே அதற்குக் காரணம்.

என் மாணவி ஒருத்தியின் ஆய்வேட்டுக்காக இவ்வட்டாரக் கவிதைத் தொகுப்புகளைத் தேடிக் கடற்கரையோர ஊர் ஒன்றின் கிளை நூலகத்துக்குச் சென்றேன். அடுக்கில் நம் வட்டத்தின் முதல் தொகுப்பு இருந்தது. மகிழ்ச்சியோடு பிரித்தேன். திருப்பித் தரவேண்டிய நாளை முத்திரையிடும் சீட்டு பின்னட்டையின் உட்புறம் ஒட்டப்பட்டிருந்தது. அதில் ஒரு முத்திரைகூட இல்லை. எட்டாண்டுகளாக அந்நூலை ஒருவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. என் கவிதைகள் மூன்றும் அத்தொகுப்பில்தான் இருக்கின்றன.

நானாவது எடுத்துச் செல்வோம் என்று நூலகரிடம் நீட்டினேன். "உறுப்பினர் அட்டை இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார். இல்லை. கல்லூரியில் பணியேற்ற பிறகு எந்தப் பொது நூலகத்திலும் என் உறுப்பினர் உரிமையைப் புதுப்பித்துக்கொள்ள நான் நினைத்ததே இல்லை. அன்று என் முகம் இருந்த நிலையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

அந்த நூலகர் பக்கத்து ஊர் நூலகத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்பவர். வாரத்தில் மூன்று நாள் இங்கே, மூன்று நாள் அங்கே. இதழ்கள் குறைந்திருக்கின்றனவே என்றேன். "பணம் வரும்போது வாங்குவோம் அம்மா" என்றார். நூலகம் ஒரே நாளில் மூடப்படுவதில்லை என்பதை அப்போது உணர்ந்தேன். முதலில் இதழ்கள் குறைகின்றன. ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாமல் போகிறது. முழுநேரம் அரைநேரம் ஆகிறது. வந்து பார்த்துப் பூட்டைக் கண்டு திரும்பியவர் மறுமுறை வருவதில்லை. பிறகு, "வாசகர் வருவதில்லை" என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. பூட்டு கடைசியாகத்தான் தொங்குகிறது.

இந்த நூலகங்கள் யாருடைய பணத்தில் நடக்கின்றன? கவிஞர்களாகிய நாம் இதை அறிந்துகொள்வது இழிவன்று. சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்துவந்து, 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்த சீர்காழி இரா. அரங்கநாதன், பொது நூலகத்துக்குச் சட்டம் வேண்டும் எனப் பல்லாண்டு போராடினார். கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் அதனை ஏற்றார். அதன் பயனாக 1948ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதற்சட்டம் நம்முடையதே. வீட்டுவரியோடு நூலக வரியும் பெறப்பட்டு, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. இன்று அவ்வரி, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. ஆயிரம் ரூபாய் வரி கட்டும் இல்லத்தார் நூலகத்துக்காக மேலும் நூறு ரூபாய் கட்டுகிறார்.

ஆகவே நூலகம் அரசு இடும் கொடை அன்று. நாம் முன்பணம் செலுத்திய பொருள். மீன் விற்று வீடு கட்டியவரும், உளி பிடித்து வீடு கட்டியவரும் செலுத்திய பணம் அது. 2022ஆம் ஆண்டில் நகர்ப்புறங்களில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது அதனைச் சார்ந்த நூலக வரியும் உயர்ந்தது. ஆனால் வசூலிப்பது உள்ளாட்சி அமைப்பு; செலவிடுவது ஆணைக்குழு. வசூலான தொகை உரிய காலத்தில் கைமாறாமல் நிலுவையாக நிற்பது தமிழகத்தில் நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் குறை. தொகை வந்தாலும் ஊதியம், வாடகை, மின்கட்டணம் ஆகியன போக எஞ்சுவதே நூலுக்கு. நெருக்கடி வரும்போது முதலில் குறைக்கப்படுவது குரலற்ற பொருளாகிய நூல்தான்.

கட்டடம் எழுப்புவது எளிது என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்றும் உண்டு. 2006ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், ஐந்தாண்டுகளில் 12,600க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு நூலகம் என்னும் பெருங்கனவைக் கொண்டது. நம் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் அக்கட்டடங்களைக் காணலாம். அவற்றுள் எத்தனை மாலை வேளையில் திறந்திருக்கின்றன என்பதை நீங்களே உங்கள் ஊரில் போய்ப் பாருங்கள். கட்டடத்துக்கு ஒருமுறை பணம் போதும். திறந்து வைக்கும் மனிதருக்கோ மாதந்தோறும் வேண்டும். அந்த மாதாந்தரச் செலவே எப்போதும் மறக்கப்படுகிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. செல்வ நாடாகிய பிரித்தானியாவிலேயே 2010ஆம் ஆண்டுக்குப் பின் பத்தாண்டுக்குள் ஏறத்தாழ எண்ணூறு பொது நூலகங்கள் சிக்கனத்தின் பெயரால் மூடப்பட்டன. நம் நாட்டிலோ, 2010இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழுந்தன. அவை நமக்குப் பெருமை. முதலாவதை மருத்துவமனையாக மாற்றப்போவதாக 2011இல் அறிவிப்பு வந்தபோது, நீதிமன்றத்தை நாடியவர்கள் இருந்ததால் அது நூலகமாகவே நிலைத்தது. ஆனால் கோவளத்துச் சிறுமி கோட்டூர்புரத்துக்கு நாள்தோறும் போக முடியாது. அவளுக்கு வேண்டியது நடந்து போகும் தொலைவில், விளக்கெரியும் ஓர் அறை.

கைப்பேசியில் எல்லாம் கிடைக்கிறதே எனச் சிலர் வினவலாம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் என் போன்ற ஆய்வாளருக்குச் செய்த உதவியை மறந்தால் நன்றி கொன்றவள் ஆவேன். எனினும் இணையம் நூலைத் தரும், இருக்கையைத் தராது. என் தந்தையார் மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் கூலிக்கு வேலை செய்தவர். எங்கள் வீடு ஒற்றை அறை. பருவமடைந்த பிறகு நான் தனியே செல்ல வீட்டார் இசைந்த பொதுவிடம் நூலகம் ஒன்றே. அந்த மரப்பெஞ்சு இல்லையேல் இந்த மேடை எனக்கு இல்லை.

இனி, சற்றுக் கசப்பான செய்திக்கு வருகிறேன். நம்முள் பெரும்பாலோர் சொந்தப் பணத்தில் நூல் அச்சிட்டு, நூலக ஆணை வருமா என்று காத்திருந்தவர்கள். ஆணை வந்தால் கடன் அடையும். வராவிட்டால் பரண் நிறையும். நூலகத்தை நாம் நூல் விற்கும் இடமாகக் கண்டோம்; நூல் எடுக்கும் இடமாகக் காணவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களால் நூலகம் நிரம்பிவிட்டது என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். உண்மை என்னவெனில், இன்று பல நூலகங்களின் வருகைப் பதிவேட்டைக் காப்பாற்றி வருபவர்கள் அந்த இளைஞர்களே. நாம் அல்லோம்.

இந்த மண்ணில் வாழ்ந்த ஒருவரை இங்கு நினைவூட்டுவது பொருந்தும். பல்லாவரத்தில் வாழ்ந்து 1950இல் மறைந்த மறைமலை அடிகள், தம் வருவாயில் பெரும்பகுதியை நூலுக்கே செலவிட்டவர். அவர் சேர்த்த ஏறத்தாழ நாலாயிரம் நூல்களைக் கொண்டு 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூலகம் தொடங்கப்பெற்றது. எழுதியவரே வாங்கினார், படித்தார், ஊருக்கும் விட்டுச் சென்றார். அவர் பெயரால் நம் மாவட்டத்தில் ஒரு நகரமே இருக்கிறது. பெயரளவில் நின்றுவிடலாமா?

எனவே இவ்வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, நாம் ஒவ்வொருவரும் அவரவர் ஊர் நூலகத்தில் உறுப்பினராகி, மாதம் ஒரு நூலேனும் எடுத்துப் படிப்போம். இரண்டாவது, நம் மாதக் கூட்டத்தை மண்டபத்தில் நடத்தாமல், நூலகரின் இசைவோடு, ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு நூலகத்தில் நடத்துவோம். மண்டப வாடகை இதழ்ச் சந்தாவாகட்டும். மூன்றாவது, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, நம் ஊரில் நூலக வரியாக எவ்வளவு வசூலாயிற்று, அதில் எவ்வளவு ஆணைக்குழுவிடம் சேர்ந்தது என்று ஆண்டுதோறும் கேட்டு, விடையை இம்மலரில் வெளியிடுவோம். இதில் பகையில்லை. வரி கட்டியவர் கணக்குக் கேட்பது முறைதான்.

நிதி பெருகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்கள் நம் முன்னோர்.

அன்று அந்த நூலகத்தில் காப்புத்தொகை செலுத்தி மீண்டும் உறுப்பினர் ஆனேன். நம் தொகுப்பில் முதல் முத்திரை விழுந்தது. ஆனால் அது எழுதியவளே எடுத்த நூல், கணக்கில் சேராது. இரண்டாவது முத்திரை, நம்மை அறியாத ஒருவருடையதாக இருக்க வேண்டும். அவர் வரும் நாளில் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.